'தி மெசேஜ்' பற்றிக் கேளுங்கள்: ஏழு நிமிடப் பாட்டு, நாற்பது வருடச் சண்டை

1982-ல் சுகர் ஹில் ரெக்கார்ட்ஸ் என்ற இசைக் கம்பெனி, 'கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்ட் த ஃப்யூரியஸ் ஃபைவ்' குழுவின் பெயரில் வெளியிட்ட 'தி மெசேஜ்' ராப் பாட்டையும், பின்னால் வந்த ராப்பை அது என்ன செய்தது என்பதையும் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம். என் பேட்டை 1973 முதல் 1985 வரையிலான நியூயார்க் ஹிப் ஹாப். அதைத் தாண்டிக் கேட்டால் பதில் சுருக்கமாகத்தான் வரும். ஒரு வேண்டுகோள், முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு வாருங்கள். மூன்று, நான்கு நிமிடத்துக்கு வெட்டிய பதிவுகள் நிறைய உலவுகின்றன, அவற்றைக் கேட்டுவிட்டு வந்து கடைசிப் பகுதியைப் பற்றிச் சண்டை போடாதீர்கள்.

கேள்வி: அண்ணா, நான் இதை வைஸ் சிட்டி கேமில் கார் ஓட்டும்போதுதான் கேட்டேன். நிஜப் பாட்டா, கேமுக்காகப் போட்டதா?

நிஜப் பாட்டுதான். 2002-ல் வந்த அந்த கேமில் வைல்ட்ஸ்டைல் வானொலியில் வரும். கதை நடப்பது 1986-ல், அந்தக் கணக்கில் அது நான்கு வருடப் பழைய பாட்டு.

கேள்வி: கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் இதில் ராப் செய்யும் விதம் அபாரம். அவருக்கு அந்தக் குரல் எப்படி வந்தது?

வரவில்லை. ஃப்ளாஷ் ராப்பர் இல்லை, நியூயார்க்கில் ஹிப் ஹாப் பிறந்த பிராங்க்ஸ் பகுதியின் டிஜே, அதாவது இசைத்தட்டுகளைச் சுற்றி வாசிப்பவர். இந்தப் பாட்டின் இசையிலும் அவர் கை கிடையாது. உறையில் 'கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்ட் த ஃப்யூரியஸ் ஃபைவ்' என்று போட்டிருப்பதால் எல்லோரும் அவர் பாடியதாக நினைக்கிறார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை, இன்னும் பலமுறை சொல்வேன்: பழைய ராப் தட்டுகளில் உறையை நம்பாதீர்கள், நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளில் எழுதியவர் பெயரைப் பாருங்கள்.

நடந்தது இதுதான். சுகர் ஹில்லில் தாளவாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தவர் எட் ஃப்ளெட்சர், பட்டப்பெயர் டியூக் பூட்டி, நியூஜெர்சியின் எலிசபெத் ஊர்க்காரர். நகரம் ஒரு காடு மாதிரி இருக்கிறது என்ற பல்லவியும் பெரும்பாலான வரிகளும் அவருடையவை. கம்பெனியை நடத்திய சில்வியா ராபின்சனுக்கு அது பிடித்துவிட்டது. இந்த அம்மாள் லேசுப்பட்டவர் இல்லை, 1956-ல் 'லவ் இஸ் ஸ்ட்ரேஞ்ச்' பாடிய ஜோடியில் ஒருவர், 1979-ல் 'ராப்பர்ஸ் டிலைட்'டை வெளிக்கொண்டு வந்தவர். அவர் இதைக் குழுவிடம் கொண்டு போனபோது அவர்கள் விரும்பவில்லை. ஆட வருகிறவனிடம் வீட்டுக் கஷ்டத்தைச் சொன்னால் எவன் ஆடுவான் என்பது அவர்கள் வாதம். அந்தக் காலத்து ராப் முழுக்கக் கொண்டாட்டம், அதனால் வாதத்தில் நியாயமும் இருந்தது. கடைசியில் குழுவின் ராப்பர்களில் மெல்லி மெல் மட்டும் இறங்கினார். முடிவில் வரும் பேச்சுத் துண்டை விட்டுவிட்டால் பாட்டில் கேட்பது மெல், பூட்டி என்ற இரண்டே குரல்கள். வீடியோவில் பூட்டியின் வரிகளுக்கு வாயசைப்பது குழுவின் இன்னொரு ராப்பர் ரஹீம்!

கேள்வி: தாக்கம், தாக்கம் என்கிறார்கள். ஒரு பாட்டால் அப்படி என்ன மாறியது?

முதலில் வேகம். 'ராப்பர்ஸ் டிலைட்' ஆடுவதற்கான டிஸ்கோ வேகத்தில் ஓடும். இது நிமிடத்துக்குச் சுமார் 100 தாள அடி, சிந்தசைசரில் ஒரு சின்ன மெட்டு, நடுவில் ஏகப்பட்ட வெற்றிடம். அந்த இடைவெளியில் வார்த்தை காதில் விழுகிறது. மாடிப்படியில் மூத்திர நாற்றம், உடைந்த கண்ணாடி, எலி, கரப்பான், கடன் வசூலிப்பவன் போன் செய்து மனைவியை மிரட்டுவது, ரயில் நிலையத்தில் வேலைநிறுத்தம். அந்தக் கடைசி விஷயம் கற்பனை இல்லை, 1980 ஏப்ரலில் நியூயார்க் போக்குவரத்து ஊழியர்கள் 11 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பாட்டு வெளியான 1982-ன் இறுதியில் அமெரிக்காவில் வேலையின்மை 10.8 சதவீதத்தைத் தொட்டது. கேட்டவர்களுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

பில்போர்டின் கறுப்பினப் பாடல்கள் பட்டியலில் நான்காம் இடம், பொதுப் பட்டியலில் 62-தான். பொதுப் பட்டியலை வைத்து அளந்தால் இது பெரிய பாட்டே இல்லை. ஆனால் அடுத்த வருடமே ரன் டிஎம்சி என்ற ராப் குழு 'இட்ஸ் லைக் தட்' என்று வேலையின்மையையும் விலைவாசியையும் பாடுகிறார்கள். அப்புறம் பப்ளிக் எனிமி என்ற ராப் குழு. தெருவில் நடப்பதைச் செய்தியாளன்போலச் சொல்வது ராப்பரின் வேலை என்று எண்பதுகளின் கடைசியில் எல்லோரும் சாதாரணமாக எடுத்துக்கொண்டார்களே, அந்த எண்ணத்துக்குக் கடையில் வாங்கக்கூடிய முதல் பெரிய சான்று இதுதான். 2002-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலைத் தொடங்கியபோது முதல் தொகுதியிலேயே சேர்த்த ஒரே ஹிப் ஹாப் பதிவும் இது.

ஆனால் யாரும் பேசாத ஒரு தாக்கம் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். ஹிப் ஹாப் டிஜேயின் கலையாகப் பிறந்தது. மைக் பிடித்தவர் டிஜேக்குப் பக்கவாத்தியம். டிஜேயின் பெயரில் வந்து, டிஜே இல்லாமலே ஜெயித்த இந்தப் பாட்டோடு அந்த வரிசை தலைகீழானது.

கேள்வி: உலகின் முதல் ராப் பாட்டு இதுதானே சார்?

இல்லை.

கேள்வி: சரி, சமூகத்தைப் பற்றிய முதல் ராப் பாட்டாவது இதுதானே?

அதுவும் இல்லை. பிரதர் டி 1980-லேயே கறுப்பின மக்கள் எழுவது எப்படி என்று ஒரு தட்டு வெளியிட்டார். அதற்கும் முன்னால் தாளத்தின் மேல் கவிதை சொன்ன லாஸ்ட் போயட்ஸ், கில் ஸ்காட் ஹெரான் இருக்கிறார்கள். 'முதல்' என்ற சொல்லைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: எழுதியவர் நியூஜெர்சிக்காரர், கூலிக்கு வாசித்தவர். குழுவுக்கே பிடிக்கவில்லை. முதலாளியம்மா வற்புறுத்திப் பண்ண வைத்தது. இதைப் போய் பிராங்க்ஸின் குரல் என்கிறார்களே, தோழர்? ஸ்டுடியோவில் செய்த சரக்கு இது.

வாங்க, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பாதி ஒப்புக்கொள்கிறேன். ஸ்டுடியோ சரக்குதான், மறுக்கவில்லை. பிராங்க்ஸ் டிஜே கலை தட்டில் எப்படி ஒலிக்கும் என்று கேட்க வேண்டுமானால் 1981-ல் ஃப்ளாஷ் செய்த 'வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்' இருக்கிறது, மூன்று டர்ன்டேபிளில் (தட்டுச் சுற்றும் கருவியில்) சிக், பிளாண்டி, குவீன் ஆகிய குழுக்களின் பாட்டுகளை வெட்டி ஒட்டிக் கையாலேயே செய்தது.

ஆனால் கடைசிச் சரணத்தைக் கவனியுங்கள். ஒன்றும் அறியாமல் பிறக்கிற குழந்தை, பேட்டை ரவுடியையும் சூதாட்டக்காரனையும் பார்த்து வளர்ந்து, படிப்பை விட்டு, வழிப்பறியில் மாட்டி, சிறைக்குள் சாகிறான். அந்தச் சரணத்தை மெல்லி மெல் 1979-லேயே 'சூப்பர்ராப்பின்' என்ற தட்டில் சொல்லிவிட்டார், குழு சுகர் ஹில்லில் சேர்வதற்கு முன்னால், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த என்ஜாய் என்ற இசைக் கம்பெனிக்காக. அங்கே அது கொண்டாட்ட வரிகளுக்கு நடுவே போனதால் யாரும் நின்று கேட்கவில்லை. பிராங்க்ஸ்காரன் எழுதிய சரணம், நியூஜெர்சிக்காரன் கட்டிய வீட்டில் குடியேறியது.

கேள்வி: (அதே நபர்) அப்படியென்றால் ஒரு சரணம்தான் பிராங்க்ஸ். மீதிக்கு ஏன் அந்தக் குழுவுக்குப் பெருமை?

எலிசபெத்தில் எலி இல்லையா, கடன்காரன் இல்லையா? வறுமையைப் பாட பிராங்க்ஸ் குடும்ப அட்டை வேண்டும் என்கிறீர்களா? பெருமை ஃப்ளெட்சருக்குப் போகவில்லை என்பது உங்கள் குறை என்றால் நான் உங்கள் பக்கம். 2007-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்ற முதல் ஹிப் ஹாப் குழு இவர்கள், ஆனால் குழு உறுப்பினர் இல்லாததால் அந்த வரிசையில் ஃப்ளெட்சர் பெயர் இல்லை. அவர் பின்னாளில் ஆசிரியராகி, சவானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தி, 2021-ல் காலமானார்.

கேள்வி: நான் இடையில் வருகிறேன், மன்னிக்கவும். நீங்கள் இருவரும் ஃப்ளாஷைச் சுத்தமாக அழித்துவிட்டீர்கள். அவர் பெயர் இல்லாமல் இந்தத் தட்டை யார் வாங்கியிருப்பார்கள்?

நல்ல அடி. அந்தப் பெயருக்கு மதிப்பு வந்தது பிராங்க்ஸ் பூங்காக்களில் அவர் வருடக்கணக்கில் தட்டுச் சுற்றியதால், சந்தேகமில்லை. கம்பெனிக்கும் அது தெரியும். 1983-ல் ராயல்டி தகராறில் குழு உடைந்து நீதிமன்றம் வரை போன நேரத்தில் 'ஒயிட் லைன்ஸ்' வருகிறது, லேபிளில் 'கிராண்ட்மாஸ்டர் அண்ட் மெல்லி மெல்' என்று இருக்கும். அவசரத்தில் பார்ப்பவன் ஃப்ளாஷும் இருக்கிறார் என்றே வாங்குவான். இல்லை.

கேள்வி: இது வைஸ் சிட்டியில் வரும் பாட்டுதானே?

மேலே பாருங்கள்.

கேள்வி: பஃப் டாடி இதை எடுத்துக் கெடுத்தது பற்றி?

1997-ல் ராப்பர் பஃப் டாடியும் மேஸ் என்ற இன்னொரு ராப்பரும் சேர்ந்து இதே மெட்டின் மேல் 'கான்ட் நோபடி ஹோல்ட் மி டவுன்' செய்தார்கள். பொதுப் பட்டியலில் ஆறு வாரம் முதலிடம். மூலப் பாட்டு 62-க்கு மேல் ஏறவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வாடகை கட்ட முடியாதவனின் மெட்டு, பணம் இருக்கிறது என்று பீற்றுகிறவனுக்குப் போனது. கேட்க ஜாலியாக இருக்கும், எனக்கு எரிச்சல்தான் வரும். 1993-ல் ராப்பர் ஐஸ் கியூப் 'செக் யோ செல்ஃப்' ரீமிக்ஸுக்கு இதை எடுத்தது வேறு ரகம். அவர் மெட்டின் மிரட்டலைப் புரிந்துகொண்டு எடுத்தார்.

கேள்வி: தமிழ் ராப்பில் இதன் தாக்கம் பற்றி விரிவாக எழுத முடியுமா?

என் பேட்டை இல்லை. மலேசியத் தமிழ் ராப்பை நெருங்கி அறிந்தவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: பாட்டின் முடிவில் போலீஸ் வந்து பிடிக்கும் சத்தம் எதற்கு? கதைக்குச் சம்பந்தமே இல்லையே?

அப்பாடா, முழுசாகக் கேட்ட ஒருவர். நண்பர்கள் தெருமுனையில் நின்று சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள், கார் வந்து நிற்கிறது, காரணம் சொல்லாமல் ஏற்றிக்கொண்டு போகிறது. 1973-ல் ஸ்டீவி வொண்டர் 'லிவிங் ஃபார் த சிட்டி' நடுவே இதேபோல் ஒரு கைதுக் காட்சியை வைத்திருக்கிறார், அதன் வாரிசு இது. சம்பந்தம் இல்லை என்கிறீர்கள். அவர்கள் எந்தத் தப்பும் செய்யாததுதான் சம்பந்தம்.

கேள்வி: ஃப்ளாஷ் இந்தப் பாட்டில் எந்த இடத்தில் ஸ்க்ராட்ச் பண்ணுகிறார், அதாவது தட்டை முன்னும் பின்னும் தேய்த்து ஒலி எழுப்புகிறார்?

எந்த இடத்திலும் இல்லை. லேபிளைப் பாருங்கள்.