ருது சாதகம் எழுதிய நாளிலிருந்து எண்ணுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. இரண்டு வருடங்களாக அவளுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக வளைந்துகொண்டே வருகிறது. பாடசாலையில் படி ஏறினால் முழங்காலின் உட்புறம் நோவதாகச் சொல்கிறாள். சற்றுப் பருமனான பிள்ளை. வளர வளர நிமிர்ந்துவிடும் என்று மாமியார் சொல்வதால் எண்ணெய் தடவி வருகிறோம். எட்டு மாதங்களுக்கு முன் சாமத்தியச் சடங்கு செய்தபோது சேலையில் ஒன்றும் தெரியவில்லை. படங்களையும் இருத்தி வைத்தே எடுத்தோம். சத்திரசிகிச்சை செய்தால் தழும்பு விழுந்து, நாளைக்குக் கலியாணம் பேசும்போது தடையாகிவிடுமோ என்று பயப்படுகிறேன். 18 வயதுக்குப் பிறகு பார்க்கலாமா? கட்டாரில் இருக்கும் என் கணவர், அடுத்த லீவில் வந்து முடிவெடுப்போம் என்கிறார்.
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்:

சகோதரி, உங்கள் கடிதத்தில் சேலையைப் பற்றிச் சொல்வதற்காகப் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் முழு விடயமும் இருக்கிறது. சடங்கு முடிந்து எட்டு மாதங்கள் ஆகிவிட்டன. சாத்திரியாரிடம் நேரம் கொடுத்து ருது சாதகமும் எழுதுவித்திருப்பீர்கள். அந்த நேரத்திலிருந்து மகளின் எதிர்காலத்தைக் கணித்துத் தரும்படி அவரைக் கேட்ட நீங்கள், அதே நேரத்திலிருந்து அவளுடைய எலும்பின் காலமும் எண்ணப்படுகிறது என்பதை எந்த வைத்தியரிடமும் கேட்கவில்லை.

ஒரு பெண்பிள்ளை பெரியபிள்ளையான பிறகு உயரம் கூடுவது பெரும்பாலும் ஏறக்குறைய இரண்டு வருடங்களுக்குத்தான், அதுவும் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டு போகும். எலும்பின் நுனிகளில் உள்ள மென்மையான வளர்ச்சித் தட்டுகள் மெல்ல மெல்ல மூடிக்கொள்வதே அதற்குக் காரணம். பெண்பிள்ளைகளுக்கு 14 வயதளவில் முழங்காலைச் சுற்றியுள்ள தட்டுகள் அநேகமாக வேலையை முடித்துவிடுகின்றன. காலின் நீள வளர்ச்சியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்த முழங்காலடியில்தான் நடக்கிறது. அந்த இரண்டு வருடத்தில் எட்டு மாதத்தை நீங்கள் செலவழித்துவிட்டீர்கள். 18 வயது வரும்போது மிச்சம் எதுவும் இராது.

மாமியார் சொல்வது பொய்யல்ல, ஆனால் வேறு வயதுப் பிள்ளைக்குரிய உண்மை. நடை பழகும் குழந்தையின் கால்கள் வில்லாக இருப்பது இயல்பு; இரண்டு வயதளவில் அவை நேராகி, மூன்று நான்கு வயதில் முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிப்பதுபோல உட்புறம் சாய்ந்து, ஏழு வயதளவில் பெரியவர்களின் கால் வடிவத்துக்கு வந்துவிடும். பத்து வயதில் தொடங்கிய வளைவு, அதிலும் ஒரு காலில் மட்டும் கூடிவருவதும் நோவதும், அந்தக் கணக்கில் அடங்காது. அதை எண்ணெய் நிமிர்த்தாது.

என்ன நோய் என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். ஆயினும் உங்கள் வர்ணனை, 1937ஆம் ஆண்டு வோல்டர் பிளவுண்ட் என்ற அமெரிக்க வைத்தியர் விரிவாக எழுதியதால் அவர் பெயராலேயே வழங்கும் பிளவுண்ட் நோயை வைத்தியர் நினைக்கும்படியாக இருக்கிறது. முழங்காலுக்குக் கீழேயுள்ள பெரிய எலும்பின் உட்பக்க வளர்ச்சித் தட்டு அளவுக்கு மீறிய அழுத்தத்தால் பின்தங்கிவிட, வெளிப்பக்கம் மட்டும் வளர்கிறது. அதனால் வளைவு கூடுகிறது. வளைவு கூடக் கூட உட்பக்கத்தின் மேல் பாரமும் கூடுகிறது. தானாக நிற்கும் வழி இதில் இல்லை. உடல் எடை இதற்கு ஒரு காரணம் என்பது உண்மையே, ஆனால் அதைச் சாப்பாட்டு மேசையில் பிள்ளையைக் குத்திக்காட்டும் ஆயுதமாக்காதீர்கள். எடை குறைந்தால் பாரம் குறையும், ஏற்கெனவே வளைந்த எலும்பு நேராகாது. விற்றமின் டி குறைவால் வரும் என்புருக்கி நோயும், சிறுநீரோடு பொசுபேற்று வீணாகும் பரம்பரைக் கோளாறும், எப்போதோ தட்டில் பட்ட அடியும்கூடக் காலை வளைக்கும். இரத்தத்தில் கல்சியம், பொசுபேற்று, விற்றமின் டி ஆகியவற்றைப் பார்த்து, முழங்காற் சில்லு நேர் முன்னே பார்க்க நிற்க வைத்து இடுப்பிலிருந்து கணுக்கால் வரை எக்ஸ்ரே எடுத்தால் இவற்றைப் பிரித்தறியலாம். கையையும் ஒரு எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதை, அதாவது இன்னும் எவ்வளவு வளர்ச்சி மிச்சமிருக்கிறது என்பதை, கணிப்பார்கள்.

இனி உங்கள் தழும்புக் கணக்குக்கு வருவோம், ஏனெனில் நீங்கள் உண்மையில் கேட்டது அதைத்தான். வளர்ச்சி மிச்சமிருக்கும்போது போனால், முழங்காலின் வெளிப்பக்கத்தில் சிறு கீறலிட்டு, இரண்டு திருகாணிகளோடு ஒரு சிறு தகட்டைப் பொருத்தி, அந்தப் பக்க வளர்ச்சியை மட்டும் தடுத்து வைக்கிற வழி உண்டு. பின்தங்கிய உட்பக்கம் மெல்ல எட்டிப் பிடிக்கும். கால் நேரானதும் தகட்டைக் கழற்றிவிடுவார்கள். நோய் முற்றியிருந்தாலோ எடை மிக அதிகமாக இருந்தாலோ இது எல்லோருக்கும் கைகொடுப்பதில்லை என்பதையும் மறைக்க மாட்டேன். ஆனால் தட்டு மூடிய பிறகு இந்த வழியே கிடையாது. எலும்பை வெட்டி நிமிர்த்தித் தகடு வைக்கவேண்டும், அல்லது காலைச் சுற்றிக் கம்பி வளையங்கள் பூட்டி மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். தழும்புக்குப் பயந்து தள்ளிப் போடுகிற நீங்களே பெரிய தழும்பைத் தேடிப் போகிறீர்கள். ஒன்றும் செய்யாமலே விட்டால் முழங்கால் இளவயதிலேயே தேயும்; நொண்டுகிற மருமகளைக் கண்டு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்பதையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் காலை விடக் கலியாணச் சந்தையை முதலில் நினைக்கும் தாய்மார் கடிதங்கள் எனக்கு மாதந்தோறும் வருகின்றன. ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது.

உங்கள் கணவர் உழைக்கப் போயிருக்கிறார், அவருடைய சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஆனால் மண்டபம் பிடிக்கவும் புகைப்படக்காரருக்கு முற்பணம் கொடுக்கவும் அவருடைய லீவுக்காகக் காத்திருந்தீர்களா? இன்றிரவு தொலைபேசியில் சொல்லுங்கள், அனுமதி கேட்காதீர்கள். பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் இந்த வாரமே காட்டி, என்பு வைத்திய நிபுணரின் கிளினிக்குக்கு எழுதி வாங்குங்கள். அரசாங்க வைத்தியசாலை என்பதால் காசு ஒரு சாட்டு ஆகாது. வரிசையில் நிற்கும் பொறுமை மட்டும் வேண்டும்.

போகும்போது சடங்கு அல்பத்தைக் கொண்டுபோகாதீர்கள், அதில் அவளுடைய காலே இல்லை. இரண்டு வருடத்துக்கு முந்திய விளையாட்டுப் போட்டிப் படம் ஏதாவது இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்; வளைவு எவ்வளவு வேகமாகக் கூடியிருக்கிறது என்று வைத்தியர் அதில் பார்ப்பார். மகள் எப்போது பெரியபிள்ளை ஆனாள் என்றும் கட்டாயம் கேட்பார். அப்போது யோசித்து நிற்க வேண்டியதில்லை, சாத்திரியார் திகதியோடு எழுதித் தந்த தாளைப் பார்த்துச் சொல்லுங்கள்.