சிவப்பை விட்டுவிட்டுப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஒரு கடையில் 'அகாஸிஸி டபுள் ரெட்' என்று சொல்லி ஒரு ஜோடி குள்ளச் சிக்லிட் (தொட்டியில் வளர்க்கும் சிறு மீன் வகை) கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த நண்பர் பார்த்துவிட்டு, இது அகாஸிஸியே இல்லை, காக்கட்டூ என்கிறார். ஆணின் வால் ஆரஞ்சுச் சிவப்பு, அதில் கறுப்புப் புள்ளிகள். பெண் வெறும் சாம்பல் நிறம். இரண்டின் படங்களையும் இணைத்திருக்கிறேன். இது எந்த இனம்? இவ்வளவு சிவப்பு இருப்பதால் உயர்ந்த வகைதானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நண்பர் சொன்னதுதான் சரி. ஆண் மீன் காக்கட்டூ, முழுப்பெயர் அபிஸ்டோகிராம்மா காக்கட்டுவாய்டஸ். முதுகுத் துடுப்பின் முன்பகுதியைப் பாருங்கள். முன்னால் உள்ள சில முட்கள் தனித்தனியாக நீண்டு, காக்கட்டூ கிளியின் கொண்டை போல நிற்கின்றன. பெயரே அதனால் வந்ததுதான். வால் மேலும் கீழுமாக இரண்டு முனை. தடித்த உதடு. உடம்பின் நடுவே ஓடும் பட்டைக்குக் கீழே, வயிற்றோரம், மெல்லிய கறுப்புக் கோடுகள். அகாஸிஸி இப்படி இருக்காது. அது ஒல்லி, முதுகுத் துடுப்பில் கொண்டை கிடையாது, வால் ஈட்டி முனை, பக்கவாட்டுப் பட்டை உடம்போடு நின்றுவிடாமல் வாலுக்குள்ளும் ஓடும். இரண்டையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் பிறகு குழம்ப மாட்டார்.

நான் சொன்ன அடையாளங்களில் சிவப்பு ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 'டபுள் ரெட்' சிற்றினத்தின் பெயர் அல்ல. பண்ணையில் சிவந்த குஞ்சுகளையே பொறுக்கிப் பொறுக்கிப் பெருக்கியதில் வந்த ரகம் அது. எத்தனை துடுப்பில் சிவப்பு என்பதுதான் டபுள், டிரிபிள் கணக்கு. உயர்ந்த வகையா என்றால், உயர்ந்த விலை, அவ்வளவுதான்.

அருங்காட்சியகச் சீசாவில் கிடக்கும் மீனுக்குச் சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. பதப்படுத்த ஊற்றும் ஃபார்மலினிலும் சாராயத்திலும் அவை போய்விடும். கறுப்பு மட்டும் தங்கும். ஆகவே சிற்றினங்களை விவரித்தவர்கள் பட்டை, புள்ளி, முள் எண்ணிக்கை, செதில் எண்ணிக்கை ஆகியவற்றையே பிடித்துக்கொண்டார்கள். நாமோ கடைக் கண்ணாடி முன்னால் நின்று நிறத்தைப் பிடித்துக்கொள்கிறோம்.

பெயர் குழம்புவது இன்றைக்கு வந்த வியாதியும் இல்லை. உங்கள் காக்கட்டூவையே மீன் வளர்ப்போர் நெடுங்காலம் 'பொரெல்லி' என்று அழைத்தார்கள். 1951இல்தான் மீனியலாளர் ஹூடெமன் அதை வேறு மீன் என்று விவரித்துத் தனிப்பெயர் வைத்தார். அசல் பொரெல்லி பராகுவே ஆற்றுப் பக்கத்து மீன். 1906இலேயே பெயர் பெற்றது. அதுவோ 'ரெய்ட்ஸிகி' என்ற மாற்றுப் பெயரில் நடமாடிக்கொண்டிருந்தது. பழைய மீன் வளர்ப்புப் புத்தகம் கையில் கிடைத்தால் பெயரை அப்படியே நம்பாதீர்கள்.

எனக்குக் கவலை ஆணைப் பற்றி அல்ல, பெண்ணைப் பற்றித்தான். கடைத் தொட்டியில் பயந்து வெளிறிக் கிடக்கும் பெண் அபிஸ்டோக்கள் (அபிஸ்டோகிராம்மா மீன்களை அப்படித்தான் சுருக்கிச் சொல்வோம்) பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். கடைக்காரர் கை போட்டு எடுத்த சாம்பல் நிற மீன்தான் உங்கள் ஆணுக்கு ஜோடி. அது எந்த இனம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. நானும் ஏமாந்திருக்கிறேன். மூன்று பெண் என்று வாங்கி வந்தேன். சில மாதம் கழித்து அதில் ஒன்று நிதானமாகக் கொண்டையை நீட்டியது. ஆணின் அடிக்குப் பயந்து அதுவரை பெண் வேடத்தில் ஒளிந்திருந்த ஆண் அது.

பெண்ணின் உண்மை முகம் முட்டை காக்கும்போது தெரியும். என் தொட்டியில் ஒருநாள் காலை, முட்டையிடக் கவிழ்த்து வைத்திருந்த கொட்டாங்குச்சியின் வாசலில் எலுமிச்சை மஞ்சளாக ஒரு மீன் நின்றது. முந்தின நாள் வரை அது சாம்பல். கண்ணிலிருந்து கன்னத்தில் இறங்கும் கோடு மையால் இழுத்ததுபோல் இருந்தது. வயிற்றுத் துடுப்பின் முன் ஓரமும் கறுப்பு. தன்னைப்போல் இரண்டு மடங்கு இருந்த ஆணை மூலைக்கு விரட்டிக்கொண்டிருந்தது. வலையை உள்ளே விட்டதும் மஞ்சள் மங்கி, உடம்பில் செங்குத்துப் பட்டைகள் எழும்பின. ஒரே மீனுக்கு மனநிலைக்கு ஒரு சட்டை. ஒரேயொரு படத்தை வைத்துக்கொண்டு இனம் சொல்பவர்களை நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

ஒன்றையொன்று ஒத்த சில இனங்கள் என்றால் நானே வாய் திறப்பதில்லை. மக்மாஸ்டெரி, வியெஹிதா இரண்டுமே கொலம்பியாவின் மேட்டா ஆற்றுப் படுகை மீன்கள். இரண்டுக்கும் 1979இல் பெயர் வைத்தவர் மீனியலாளர் ஸ்வென் குல்லாண்டர். வியெஹிதா என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி மக்மாஸ்டெரிதான் என்பார்கள் அனுபவசாலிகள். படத்தை மட்டும் பார்த்து அவற்றில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

நீங்கள் செய்யவேண்டியது இது. ஒரு கொட்டாங்குச்சியில் விரல் நுழையும் அளவுக்கு ஓரத்தில் வாசல் வெட்டி, தண்ணீரில் நன்றாக ஊறவைத்துக் கழுவி, தொட்டியில் கவிழ்த்து வையுங்கள். நாட்டு வாதுமைச் சருகு நாலைந்து போடுங்கள். பெண் மஞ்சளான அன்று ஒரு படம், மிரண்டிருக்கும்போது ஒரு படம், இரண்டும் நேர்ப் பக்கவாட்டில் எடுத்து அனுப்புங்கள். அதுவரை குஞ்சு பொரித்தாலும் காக்கட்டூ என்று சொல்லி யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.