கட்டுமானக் கேள்வி–பதில்: பனியூர்ச் சூடும் டெல்டா நீராவியும்

என் மகன் கனடாவில் ரெடிமிக்ஸ் பிளான்ட்டில் வேலை பார்க்கிறான். பனிக்காலத்தில் டீசல் பாய்லரில் தண்ணீரைச் சுடவைத்துத்தான் கலவை போடுகிறார்களாம். புகையைக் குறைக்க வழி தேடுகிறார்கள் என்கிறான். நம் ஊரில் கலவை சூடேறாமல் இருக்கத்தானே பாடுபடுகிறோம்? அங்கே எதற்குச் சூடு, எப்படிக் குறைப்பது?
– வாசகர், மன்னார்குடி

தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். போட்ட கான்கிரீட் 3.5 மெகாபாஸ்கல் வலுவை எட்டுவதற்குள் ஒருமுறை உறைந்துவிட்டால், பின்னால் எவ்வளவு க்யூரிங் (ஈரமும் சூடும் காத்து இறுக விடுவது) செய்தாலும் இழந்த வலு முழுதாகத் திரும்பாது. அதனால் கலவை சூட்டோடு ஷட்டருக்குள் இறங்க வேண்டும். 300 மி.மீ.க்குக் குறைந்த கனத்துக்கு 13 டிகிரி வேண்டும் என்கிறது அமெரிக்கக் கான்கிரீட் சங்கத்தின் குளிர்கால வழிகாட்டி ஏசிஐ 306. நம்மிடமும் இந்தியத் தரநூல் ஐஎஸ் 7861 இரண்டாம் பாகம் இதற்கென்றே இருக்கிறது. இமயமலைப் பக்கம் வேலை செய்பவர்கள் புரட்டுவார்கள்.

சூட்டை ஏற்றத் தோதான பொருள் தண்ணீர்தான். ஜல்லி, மணல், சிமென்ட் எல்லாம் கிலோவுக்குத் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு சூட்டைத்தான் பிடிக்கும். ஒரு கன மீட்டருக்கு 350 கிலோ சிமென்ட், 1,850 கிலோ ஜல்லியும் மணலும், அவற்றில் ஒட்டிய ஈரம் 45 லிட்டர், நாம் ஊற்றுவது 130 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜல்லியும் மணலும் 2 டிகிரி, சிமென்ட் 5 டிகிரி, தண்ணீர் 60 டிகிரி என்றால் கலவை கிட்டத்தட்ட 14 டிகிரியில் வரும். போதும்.

அதே ஜல்லியும் மணலும் மைனஸ் 5 டிகிரியில் கிடந்து, அந்த 45 லிட்டர் ஈரமும் ஐஸாகியிருந்தால்? கலவை 4 டிகிரியைக்கூடத் தொடாது. ஐஸை உருக்கவே கிலோவுக்கு 80 கிலோகலோரி போய்விடுகிறது. ஆக, எரிபொருளை மாற்றுவதற்கு முன்னால் ஜல்லிக் குவியலுக்குக் கூரை போட வேண்டும், அடியில் தண்ணீர் வடிய வாட்டம் கொடுக்க வேண்டும். குவியலுக்குள் நேராக நீராவியை அடிப்பதும் வேண்டாம். ஈரம் வண்டிக்கு வண்டி மாறி, தண்ணீர் அளவு கைவிட்டுப் போகும். தொட்டிக்குள் சுருள் குழாய் ஓட்டி, சூட்டை மட்டும் உள்ளே விடலாம்.

இனி எரிபொருள். 130 லிட்டரை 5 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற சுமார் 8.3 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் வேண்டும். பாய்லர் இழப்பையும் சேர்த்தால் கன மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் டீசல். நாளுக்கு 60 கன மீட்டர் போடும் பிளான்ட்டுக்கு 7,800 லிட்டர் வெந்நீர், 500 யூனிட் வெப்பம். நன்றாகக் காப்பிட்ட தொட்டியில் இரவு 10 மணி நேரத்தில் ஏற்றினால் 50 கிலோவாட் போதும். வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீருக்கு ஏற்றும் ஹீட் பம்ப், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2.5 யூனிட் வெப்பம் தந்தால், இழுக்கும் மின்சாரம் 20 கிலோவாட்தான். கார்பன் டை ஆக்சைடையே குளிர்பொருளாகக் கொண்ட பம்புகள், சில்லென்ற தண்ணீரை ஒரே மூச்சில் 60 டிகிரிக்கு மேல் ஏற்றுவதற்கு நன்கு பொருந்தும். ஆனால் வெளிக்காற்று மைனஸ் 15க்கு இறங்கினால் பலன் சரியும்; பழைய பாய்லரைத் துணைக்கு வைத்திருக்க வேண்டும். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். கியூபெக்கில் பெரும்பாலும் நீர்மின்சாரம் என்பதால் லாபம் முழுதாகக் கிடைக்கும். நிலக்கரி மின்சாரமுள்ள ஊரில் அந்த அளவுக்குக் கிடைக்காது.

60 டிகிரியைத் தாண்டிய தண்ணீர் சிமென்ட்டில் நேரே பட்டால் கலவை சட்டென்று கட்டிக்கொள்ளும். முதலில் ஜல்லியும் தண்ணீரும் சுற்றி, சூடு பரவிய பிறகு சிமென்ட் விழட்டும்.

உங்கள் மகனிடம் இந்தக் கணக்கையும் சொல்லுங்கள். ஒரு லிட்டர் டீசல் விடும் கார்பன் டை ஆக்சைடு 2.7 கிலோ. 350 கிலோ சாதாரண சிமென்ட்டுக்குப் பின்னால் இருப்பது சுமார் 300 கிலோ. குளிருக்குப் பயந்து கன மீட்டருக்கு 60 கிலோ சிமென்ட்டைக் கூட்டிப் போடும் வழக்கம் உண்டு. அதிலேயே 50 கிலோ கார்பன் டை ஆக்சைடு கூடிவிடும். வெந்நீரில் மிச்சம் பிடித்து சிமென்ட்டில் கோட்டைவிடுவதில் பசுமை எதுவும் இல்லை. தளத்தில் கூடாரம் போட்டு ஹீட்டர் ஓட்டுவதும் பெரிய செலவு. காப்புப் போர்வையால் மூடி, கான்கிரீட் தானே விடும் சூட்டைப் பிடித்துவைப்பது மேல். புகைபோக்கி இல்லாத ஹீட்டர் அறவே கூடாது. அந்தப் புகை பட்ட புதுத் தரையின் மேல்பரப்பு மாவாக உதிரும், ஆட்களுக்கும் ஆபத்து.

கிணற்று உறையும் சிறு கல்வெர்ட் பெட்டியும் வார்க்கிறோம். மார்கழி, தையில் அச்சைப் பிரித்தால் ஓரம் பெயர்கிறது. பனிதான் காரணம் என்று உமி பாய்லர் வைத்து நீராவி விடலாமா என யோசிக்கிறோம்.
– வாசகர், திருவாரூர்

பனியைக் குறை சொல்லாதீர்கள். டெல்டாவில் தை விடியற்காலையிலும் சுமார் 20 டிகிரி இருக்கும். கான்கிரீட்டுக்கு அது சுகமான சூடு. வலு ஏறுவது கோடையைவிடக் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான்.

முதலில் மணலைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த எம்-சாண்டில் 6 சதவீத ஈரம் சாதாரணம். 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றுக்கு 100 கிலோ மணல் என்றால் 6 லிட்டர் தண்ணீர் சொல்லாமல் உள்ளே போகிறது. நீங்கள் 25 லிட்டர் ஊற்றினால் உண்மையில் 31, 0.5 என்று நினைத்த நீர்–சிமென்ட் விகிதம் 0.62 ஆகிவிடும்; தண்ணீர் கூடினால் வலு குறையும். ஒரு கிலோ மணலை வாணலியில் வறுத்து மறுபடி எடை போடுங்கள், குறைந்ததுதான் ஈரம். பெட்டியில் அளப்பவர்களுக்கு இன்னொரு வம்பு: ஈர மணல் உப்பிக்கொள்வதால் பெட்டிக்குள் மணல் குறைவாகத்தான் விழும். அடுத்தது சிமென்ட். சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமென்ட் முதல் நாளில் மெதுவாகத்தான் ஏறும். ஒரு நாள் தள்ளி அச்சைப் பிரியுங்கள், அல்லது அந்த இரண்டு மாதத்துக்குச் சாம்பல் கலக்காத ஓபிசி (OPC) 53 வாங்குங்கள்.

இவ்வளவும் சரிசெய்த பிறகும், அச்சு தினம் இருமுறை சுழல வேண்டும் என்றால் மட்டும் நீராவி. வார்த்ததும் 3 மணி நேரம் சும்மா விடுங்கள். பிறகு மணிக்கு 20 டிகிரிக்கு மிகாமல் ஏற்றி, 60 டிகிரியில் நிறுத்தி, அதே நிதானத்தில் இறக்குங்கள். அவசரப்பட்டால் மயிரிழை விரிசல். உள்சூடு 70 டிகிரியைத் தாண்டினால் மாதங்கள் கழித்து உள்ளேயே எட்ரிங்கைட் என்ற படிகம் வளர்ந்து கான்கிரீட்டில் வெடிப்பு விழவைக்கலாம், அதற்கு மருந்தில்லை.

உமி கிலோவுக்கு ஏறக்குறைய 3,000 கிலோகலோரி தரும். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டை 30 டிகிரி ஏற்ற மட்டும், பாய்லர் இழப்பையும் சேர்த்து, சுமார் 10 கிலோ உமி. இரும்பு அச்சு, தார்ப்பாய்க் கசிவு எல்லாம் சேர்த்து 25, 30 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். க்யூரிங்குக்கு அழுத்தமே இல்லாத நீராவி போதும். ஆனால் டிரம்மை அடைத்து அடுப்பில் ஏற்றும் வேலை உயிருக்கு உலை. போக்குக் குழாய் திறந்தே இருக்க வேண்டும். அழுத்த பாய்லர் என்றால் பதிவும் சான்றும் கட்டாயம்.

அரிசி ஆலை பாய்லரில் மிஞ்சும் உமிச் சாம்பலை சிமென்ட்டோடு சேர்க்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

நிதானச் சூட்டில் எரித்து, மாவாக அரைத்த சாம்பலைச் சேர்க்கலாம். 10 சதவீத சிமென்ட்டுக்கு மாற்றாகத் தொடங்குங்கள். ஆலைச் சாம்பல் அப்படியே உதவாது. கறுப்பாக இருந்தால் எரியாத கரி அதிகம், தண்ணீரையும் அட்மிக்சரையும் (கலவையில் சேர்க்கும் ரசாயனம்) குடித்துவிடும். அதிகச் சூட்டில் எரிந்திருந்தால் சிலிக்கா படிகமாகி, சிமென்ட்டோடு வினைபுரியாமல் வெறும் தூசாகக் கிடக்கும். 7 நாள், 28 நாள் க்யூப் சோதனை (கான்கிரீட் கட்டியை நசுக்கி வலு பார்ப்பது) பார்க்காமல் கம்பி கட்டிய வேலையில் போடாதீர்கள்.

சீக்கிரம் இறுக கால்சியம் குளோரைடு கலக்கச் சொல்கிறார் மேஸ்திரி. குளிர்நாட்டில் போடுவார்களாமே?
– வாசகர், வேதாரண்யம்

அங்கேயும் கம்பி உள்ள வேலையில் அதைத் தவிர்க்கவே பார்க்கிறார்கள்; கால்சியம் நைட்ரேட் வகைக்கு மாறுகிறார்கள். உப்புக்காற்று அடிக்கும் உங்கள் ஊரில் குளோரைடைக் கையால் அள்ளிப் போட்டால் கம்பி துருப்பிடிக்க அவசரப்படுத்துவதாகும். வேண்டாம்.