நிலத்தை அடகு வைக்காதீர்கள்

அம்மா, பையனுக்கு இயற்பியல்தான் பிடிக்கிறது, ஆனால் அவன் மாமா "சி.எஸ்.இ.தான் சோறு போடும்" என்கிறார், நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்காக ஒன்றரை ஏக்கரை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. பிடிக்காத பாடத்தில் நான்கு வருடம், அதில் விழும் அரியர், அடகுக்கு வட்டி எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். மாமா வந்து கட்டப்போவதில்லை.

ஆசிரியர் வேலை, வங்கித் தேர்வு பற்றியெல்லாம் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறார்கள். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: என்.டி.டி. எனப்படும் அழிவில்லாச் சோதனை, அதாவது பொருளை உடைக்காமலே உள்ளே குறை பார்ப்பது. அதிலும் கார்பன் பொருட்களை மீயொலியால் (காதுக்குக் கேட்காத ஒலியால்) ஆராயும் வேலை.

நம் தேஜஸ் போர் விமானக் கட்டமைப்பின் எடையில் சுமார் 45 சதவீதம் கார்பன் இழைக் கலவை. ரெசின் என்ற பசையில் ஒட்டிய அடுக்குகள் உள்ளே ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்தால் அந்தப் பிரிவு வெளியே தெரியாது. அறுத்துப் பார்த்தால் பாகமே போச்சு. அதனால் ஒலியை அனுப்பி வாங்கும் 5 மெகாஹெர்ட்ஸ் புரோபை ஜெல் தடவி வைத்து, திரும்பி வரும் எக்கோவைப் படிக்கிறார்கள். எஃகில் ஒலி நொடிக்கு 5,900 மீட்டர் போகும். இந்தக் கலவையில் குறுக்கே ஏறக்குறைய 3,000தான். எஃகுக் கட்டையில் அளவு சரிசெய்த கருவியை அப்படியே வைத்தால் 5 மி.மீ. தகடு 10 மி.மீ. என்று காட்டும், பிரிவின் ஆழமும் தப்பும். உள்ளே நுண்குமிழிகள் இருந்தால் ஒலி சிதறி, தகட்டின் மறுபக்கத்திலிருந்து வரும் பின்சுவர் எக்கோ படுத்துவிடும். குமிழி 2 சதவீதத்தைத் தாண்டிய விமான பாகம் பெரும்பாலும் தேறாது.

கிராஃபைட் இன்னும் அருமையான விஷயம். கார்பனின் இன்னொரு வடிவம்; துளைகள் உள்ளது, சோதிக்கும்போது மேலே படும் தண்ணீரைக் குடித்துவிடும். குடித்தால் ஒலியின் வேகமே மாறி அளவு பொய்யாகும். வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கினால் பொருளின் விறைப்பைச் சொல்லும் மீள்குணகம் தோராயமாகக் கிடைக்கும்: நொடிக்கு 2,500 மீட்டர், கன சென்டிமீட்டருக்கு 1.8 கிராம் என்றால் சுமார் 11 ஜிகாபாஸ்கல். குறையில்லாத கிராஃபைட் படிகத்தில் அடுக்கின் வழியே ஒலி நொடிக்கு 21 கிலோமீட்டர், அடுக்குகளுக்குக் குறுக்கே வெறும் 4. "ஏன்?" என்று பையன் கேட்டால், அவனுக்கு ஏற்ற இடம் இதுதான்.

அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் போதும். பிறகு மீயொலிச் சோதனையில் லெவல் 2 சான்றிதழ்: பலரும் பின்பற்றும் எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ என்ற அமெரிக்கப் பரிந்துரைப்படி 80 மணி நேரப் பயிற்சி, 840 மணி நேர அனுபவம், அருகிலிருப்பது தெளிவாகத் தெரிகிறதா என்ற கண் சோதனை. இங்கேதான் ஏமாறுகிறார்கள். இந்த முறையில் சான்றளிக்கும் பொறுப்பு வேலை தரும் நிறுவனத்துடையது. இரண்டு வாரத்தில் ஐந்து சோதனை முறைகள், வேலை உறுதி என்று பணம் கேட்கும் பயிற்சி மையத்தில் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். சென்னையில் தலைமையகம் உள்ள இந்திய அழிவில்லாச் சோதனைச் சங்கத்திடம் முதலில் விசாரியுங்கள்.

தொடக்கச் சம்பளம் பெரிதாக இராது. முதல் சில வருடங்கள் எஃகு வெல்டிங், இரவு ஷிஃப்ட், ஊர் ஊராகப் பயணம். கார்பன் பிறகுதான் கைக்கு வரும். ஆராய்ச்சிதான் வேண்டுமென்றால் எம்.எஸ்சி., கேட் (GATE) தேர்வு, திருச்சி என்.ஐ.டி.யின் அழிவில்லாச் சோதனை எம்.டெக். என்று ஒரு வழி இருக்கிறது. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் இந்தத் துறைக்கென்றே ஆய்வகம் உண்டு.

இதையெல்லாம் பையனிடம் படித்துக் காட்டுங்கள். முடிவு அவனுடையது. சரி என்றால், துணைப்பாடம் கணிதமாக உள்ள கல்லூரியாகப் பார்த்து விண்ணப்பம் போடுங்கள்.