தண்ணி விட்டா கலங்குதே, இந்த காஸ்க் ஸ்ட்ரெங்த் போலியா?

கேள்வி: கிளாஸ்கோல வேலை பாக்குறேன். ஒரு ஃப்ரீ டேஸ்டிங்ல அபர்லவர் அபூனான்னு ஒரு காஸ்க் ஸ்ட்ரெங்த் விஸ்கி (பீப்பாய்ல இருந்தத தண்ணி கலக்காம அப்படியே பாட்டில்ல அடைச்சது) குடுத்தாங்க, பிடிச்சுப்போயி ஒரு பாட்டில் வாங்கிட்டேன். வீட்ல ஊத்தினா மூக்கு எரியுது, தண்ணி விட்டா மங்கலாகுது. போலியா? இது சிங்கிள் மால்ட் (ஒரே டிஸ்டில்லரில மால்ட் பார்லில மட்டும் செஞ்ச விஸ்கி), இதுல தண்ணியே விடக்கூடாதுன்னு ஃப்ரெண்டு திட்றான். டேஸ்டிங் நடத்தினவரு முதலீடா ஒரு முழு பீப்பாயே வாங்கிப் போடுங்கன்னு வேற சொல்றாரு.

பதில்: கலங்குறத வச்சு போலின்னு முடிவு பண்ணாதீங்க. விஸ்கில கொஞ்சம் எண்ணெய்ப் பசை மாதிரி சமாச்சாரம் இருக்கும், 46 சதவீதத்துக்கு மேல ஆல்கஹால் இருக்குற வரைக்கும் அது கரைஞ்சே கிடக்கும், தண்ணி விட்டாலோ ஐஸ் போட்டாலோ குளிர்ல தேங்கா எண்ணெய் உறையுற மாதிரி வெளிய தெரியும், அவ்ளோதான். நிறைய 40 சதவீத பாட்டில் பளபளன்னு இருக்கே, அதெல்லாம் முன்னாடியே குளிர வச்சு அந்தப் பசைய வடிகட்டி எடுத்தது. அபூனால அத எடுக்கறதில்ல.

உங்க ஃப்ரெண்டு ராவா அடிக்கிற 40 சதவீத பாட்டில்ல கம்பெனிக்காரனே தண்ணி கலந்துதான் குடுக்குறான், அது அவருக்கு தெரியுமா? பீப்பாய்ல ஊத்துறதுக்கு முன்னாடியே ஸ்பிரிட்ல தண்ணி கலந்து 63.5 சதவீத ஆல்கஹாலுக்கு இறக்குறதுதான் ஸ்காட்லாந்து வழக்கம். பல பீப்பாய் விஸ்கிய கலந்து பக்குவம் பாக்குற பிளெண்டருங்க மோந்து பாக்குறதே 20 சதவீதத்துக்கு இறக்கிட்டுதான்.

நீங்க 20 மில்லிக்கு மேல ஊத்தாதீங்க. கொஞ்ச நேரம் அப்படியே விடுங்க, வாய லேசா திறந்து வச்சுகிட்டு கிளாஸ தூரத்துல இருந்து மெல்ல பக்கத்துல கொண்டு வாங்க, மூக்க உள்ள விட்டா எரியத்தான் செய்யும். நாக்கு நனையுற அளவு ஒரு சிப். அப்புறம் கால் ஸ்பூன் கால் ஸ்பூனா சாதா தண்ணி. 60 சதவீத சரக்குன்னா 20 மில்லிக்கு ஒரு டீஸ்பூன் விட்டா 48க்கு வரும், ரெண்டு விட்டா 40. எங்க மணம் விரியுதோ அங்க நிறுத்துங்க. ஐஸ் வேணாம், மணத்த அமுக்கிடும். டேஸ்டிங்குக்கு கார எடுத்துட்டும் போகாதீங்க, குடிச்சிட்டு வண்டி ஓட்டுறதுக்கான ஆல்கஹால் லிமிட் ஸ்காட்லாந்துல 2014 டிசம்பர்ல இருந்து இங்கிலாந்த விட கம்மி.

ஒரே ஒரு விதிவிலக்கு, இத கவனமா படிங்க. 35, 40 வருஷம் பீப்பாய்லயே கிடந்த சரக்குல ஆல்கஹால் வருஷா வருஷம் ஆவியாகி 43, 44 சதவீதத்துல வந்து நிக்கலாம். அதுவும் காஸ்க் ஸ்ட்ரெங்த்தான், ஏன்னா பீப்பாய்ல இருந்தது அப்படியே பாட்டில்ல இருக்கு. அதுல போயி டீஸ்பூன் கணக்குல தண்ணி விட்டா போச்சு, அவ்ளோ காசும் வேஸ்ட். அதனால அந்த ரெண்டு வார்த்தைய பாக்காதீங்க, பக்கத்துல இருக்குற ஆல்கஹால் சதவீத நம்பர பாருங்க. 2009 ஸ்காட்ச் சட்டத்துல வயச எப்படி போடணும், ஊர் பேர எப்படி போடணும்னு எல்லாம் விலாவாரியா இருக்கு, காஸ்க் ஸ்ட்ரெங்த்னா என்னன்னு ஒரு வரி கிடையாது, கேரமல் கலர் சேத்தத சொல்லணும்னும் கட்டாயம் இல்ல. என்னத்த சட்டமோ!

இப்ப அந்த டேஸ்டிங் ஆளு. ஃப்ரீயா ஊத்துறானேன்னு நான் யாரயும் நம்பறதில்ல. பீப்பாய் முதலீடு எஃப்சிஏ (பிரிட்டன்ல நிதி நிறுவனங்கள கண்காணிக்கிற அமைப்பு) கண்காணிப்புலயே வராது, ஒரே பீப்பாய பல பேருக்கு வித்த கதையெல்லாம் பிபிசிலயே வந்துச்சு, இன்னும் கடை விரிச்சுகிட்டுதான் இருக்காங்க. அழகா பிரேம் போட்டு ஓனர்ஷிப் சர்டிபிகேட் குடுப்பான், அது சுவத்துல மாட்டத்தான் ஆகும். பீப்பாய வச்சிருக்குற கிடங்குக்காரங்க ஏத்துகிட்ட டெலிவரி ஆர்டர் (பீப்பாய உங்க பேருக்கு மாத்தச் சொல்ற கடிதம்) இருந்தாதான் பீப்பாய் உங்களுது. அப்பவும் டிஸ்டில்லரி பேர லேபிள்ல போட உரிமை தனியா வேணும், பல வருஷம் போட்டு வச்சு ஆல்கஹால் 40 சதவீதத்துக்கு கீழ இறங்கிட்டா அது ஸ்காட்சே கிடையாது. பீப்பாயோட ஊருக்கு அனுப்பித் தரேன்னு சொன்னான்னா அங்கயே எந்திரிச்சிடுங்க, 2012 நவம்பர்ல இருந்து சிங்கிள் மால்ட்ட ஸ்காட்லாந்துலயேதான் பாட்டில் பண்ணணும். வாங்கியே தீருவேன்னா, பீப்பாய் நம்பரும் எந்தக் கிடங்குன்னும் கேளுங்க, கிடங்கோட போன் நம்பர நீங்களே தேடி எடுத்து பேசுங்க, புரோக்கர் குடுக்குற நம்பருக்கு கூப்பிடாதீங்க.