கெட்ட சேதியை நாமே முதலில் சொல்வது

கேள்வி இதுதான்: "ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். சொந்தமாகத் தொழில் தொடங்க ஆசை. ஆனால் எனக்குப் பேச்சு வராது, கூச்ச சுபாவம். தொழிலில் ஜெயிக்கிறவர்களுக்கு என்ன குணங்கள் இருக்கும்? அது பிறவியிலேயே வருவதா?"

நானும் ஷூ கம்பெனியிலிருந்து வந்தவள்தான் தம்பி. ஒன்பது வருடம் ஆம்பூரில் ஸ்டிச்சிங் லைனில் உட்கார்ந்திருந்தேன். 2014இல் பேரணாம்பட்டு பக்கம் எங்கள் ஊரிலேயே ஆறு மெஷின் போட்டு, ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் ஆரம்பித்தேன். இன்றைக்குப் பதினெட்டு மெஷின் ஓடுகிறது. அதனால் நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

பேச்சு வராது என்ற கவலையை முதலில் விடுங்கள். என் சித்தி மகன் வேலூரில் சிஎம்சி பக்கம், காந்தி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் சின்னக் கடை வைத்திருக்கிறான். வீட்டிலேயே கேட்டால்தான் வாய் திறப்பான். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கெங்கிருந்தோ சிகிச்சைக்கு வருபவர்கள் அங்கே லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்குவார்கள். பலர் தாங்களே சமைத்துக்கொள்வார்கள். கடை திறந்த புதிதில் ஒரு அம்மா கடலை எண்ணெய் பாக்கெட்டை எடுப்பதும் வைப்பதுமாக நின்றுவிட்டு, வாங்காமலே போனாராம். மறுநாள் இன்னொரு குடும்பம், அதே மாதிரி. மூன்றாம் நாள் அவன், அவர்கள் பக்கம் சமையலுக்குப் பயன்படுத்தும் கடுகு எண்ணெயை வாங்கி வைத்தான். அப்புறம் அடுப்பும் பாத்திரமும் நாள் வாடகைக்கு விட ஆரம்பித்தான். வங்காளமும் இந்தியும் கேட்டுக் கேட்டே அவனுக்குப் பிடிபட்டுவிட்டன. பேசுகிறவனைவிடப் பார்க்கிறவனுக்குத் தொழில் நன்றாக வரும் என்று நான் நம்புவதற்கு அவன்தான் காரணம்.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரியதாகத் தெரியும் குணம் வேறு. கெட்ட சேதியை மறைக்காமல், அடுத்தவர் கண்டுபிடிக்கும் முன் நாமே போய்ச் சொல்லும் குணம்.

2016 மழைக்காலம். 600 ஜோடி ஆர்டர், மறுநாள் காலை வண்டி ஏற்ற வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்குக் கடைசிக் கட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தோம். குவார்ட்டர் பாகத்தில், அதாவது ஷூவின் பக்கவாட்டில் குதிகால் பக்கம் வரும் தோலில், இரட்டைத் தையல் வரும். இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர்தான் இடைவெளி இருக்க வேண்டும். ஒரு பீஸைத் தற்செயலாக டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். வரிசை போகப் போக விலகிக்கொண்டே போயிருந்தது. ஒரு மெஷினில் தையலை நேராகக் கொண்டுபோகும் கைடு தளர்ந்திருக்கிறது, மத்தியானத்திலிருந்து யாரும் கவனிக்கவில்லை. துணியாக இருந்தால் பிரித்துத் தைத்துவிடலாம். தோலில் ஊசி இறங்கிய துளை இறங்கியதுதான், பிரித்தாலும் வரிசையாக நிற்கும். உங்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்து எண்ணினோம். 140 ஜோடி.

வேலை செய்த பெண்களில் ஒருத்தி, "அக்கா, நடு நடுவுல வச்சுக் கட்டிடலாம், அவங்க செக்கிங்ல பத்து ஜோடிதான் எடுத்துப் பாப்பாங்க" என்றாள். அவள் கெட்டவள் இல்லை, என் மேல் உள்ள பாசத்தில் சொன்னாள். எனக்கும் ஒரு நிமிடம் மனசு அந்தப் பக்கம் போனது. அந்தப் பத்தில் தப்பு வராமல் போகலாம்தான். ஆனால் அது சோல் ஒட்டி, பெட்டி போட்டு, கப்பல் ஏறிப் போய் அங்கே ஒருவர் பார்த்தால், நமக்கு வேலை கொடுத்த கம்பெனிக்கு வரும் ஆர்டரே நின்றுவிடும். அந்தக் கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"எத்தனை ஜோடிம்மா?"

"நூத்தி நாப்பது சார்."

"எண்ணுனீங்களா, குத்துமதிப்பா சொல்றீங்களா?"

"ரெண்டு தடவை எண்ணிட்டேன் சார்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, நல்லதா இருக்கிற 460ஐக் காலையில ஏத்துங்க. இதைத் தனியா வைங்க" என்றார்.

தோலின் விலையை அடுத்த மூன்று பில்களில் கழித்துக்கொண்டார்கள். அந்த மாதங்களில் கையில் ஒன்றும் நிற்கவில்லை, வளையலை அடகு வைத்துத்தான் கூலி கொடுத்தேன். ஆனால் அந்த மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போனபோது எனக்கு அங்கிருந்தும் வேலை கொடுத்தார். அவர் இன்றுவரை என் கட்டைப் பிரித்துப் பார்க்காமல் இறக்கச் சொல்கிறார் என்று நான் சொல்லமாட்டேன், பிரித்துத்தான் பார்க்கிறார். ஆனால் அவசர வேலை என்றால் முதல் போன் எனக்குத்தான் வருகிறது.

கடன் விஷயத்திலும் இதே குணம்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நூல், ஊசி, பசை வாங்கிய கடையில் 38,000 ரூபாய் பாக்கி. கடைக்கார பாயிடமிருந்து போன் வந்தால் வயிற்றைப் பிசையும். இரண்டு தடவை எடுக்காமல் விட்டேன். மூன்றாவது தடவை எடுத்து, "பாய், இப்ப என்கிட்ட ஒண்ணுமே இல்ல, எப்ப வரும்னும் தெரியல" என்று உள்ளதைச் சொன்னேன். "இதைச் சொல்றதுக்காம்மா போனை எடுக்கல? நீ ஊரை விட்டுப் போயிட்டியோன்னு பயந்துட்டேன்" என்றார். கடை திறந்ததும் ஒவ்வொரு சனிக்கிழமையும் 500 ரூபாயாவது கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்க முடியாத சனிக்கிழமையும் கடைக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தேன். நம் பக்கம் தொழில் செய்து விழுந்தவர்களில் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் பாதிப் பேர் நஷ்டத்தால் விழவில்லை, போனை எடுக்காமல் விழுந்தார்கள்.

ஆளுக்கு மட்டுமில்லை, ஊருக்கும் இது பொருந்தும். நம் பாலாற்றுப் பக்கம் டேனரி என்கிற தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுத் தண்ணீரால் கிணறும் நிலமும் கெட்டதை எத்தனையோ வருடம் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. சரிசெய்ய வேண்டியவர்கள் நாளைக்கு என்று தள்ளினார்கள். கடைசியில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையையும் கொடுக்க வேண்டும் என்றது, டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது, சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யாதவற்றை மூடச் சொன்னது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்தவர்கள் தொழிலைத் தொடர்ந்தார்கள். உப்பேறிய நிலம் திரும்பி வந்துவிடவில்லை. எனக்குச் சோறு போடும் தொழில் இது, அதனால்தான் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அடுத்து, துணிச்சல். பிறவிக் குணமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கடன் எடுத்தபோது, மாவட்டத் தொழில் மையம் மூலம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு விளையாட்டு. தரையில் ஒரு குச்சி, கையில் வளையங்கள். எவ்வளவு தூரத்திலிருந்து வேண்டுமானாலும் போடலாம். சிலர் குச்சிக்குப் பக்கத்திலேயே நின்று போட்டார்கள். சிலர் சுவர் ஓரம் போய் நின்று வீரமாக வீசினார்கள். நான் நாலைந்து அடி தள்ளி நின்றேன். ஒன்று விழவில்லை, அரை அடி முன்னால் வந்தேன். டேவிட் மெக்லெலண்ட் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் சாதிக்கும் உந்துதல் பற்றிச் செய்த ஆராய்ச்சியிலிருந்து வந்த விளையாட்டு அது என்று பயிற்சியாளர் சொன்னார். அந்த உந்துதல் அதிகம் உள்ளவர்கள் கஷ்டப்பட்டால் எட்டும் தூரத்தில்தான் நிற்பார்களாம். 1960களில் மெக்லெலண்ட் ஆந்திராவில் காக்கிநாடா வியாபாரிகளுக்கு இந்த மாதிரிப் பயிற்சி கொடுத்துப் பார்த்திருக்கிறார். பயிற்சி எடுத்தவர்கள் அதற்கப்புறம் கூடுதலாக முயற்சி செய்தார்கள், புதிதாக முதல் போட்டார்கள். பிறவியோடு முடிகிற விஷயமாக இருந்தால் இது நடந்திருக்காது.

எட்டும் தூரம் எது என்று கணக்கு நோட்டுதான் சொல்லும். நூல், ஊசி, பசை, கரண்ட், கூலி, வண்டி, பழுதாகும் பீஸ் எல்லாம் சேர்த்து எனக்கு ஒரு ஜோடிக்கு 48 ரூபாய் அடக்கமாகிக்கொண்டிருந்த சமயம், ஒருவர் 2,000 ஜோடி கொண்டுவந்து 44 ரூபாய்க்குக் கேட்டார். பெரிய ஆர்டர், ஆசையாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று சொன்ன ராத்திரி தூக்கம் வரவில்லை. இருந்தாலும் நோட்டில் எழுதியிருந்ததை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் ஜோடிக்கு நாலு ரூபாய் நஷ்டம்தான்.

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு உண்மையில் இடிக்கிற இடம் ஒன்று உண்டு. செய்த வேலைக்குக் காசு கேட்பது. ஜாப் ஒர்க்கில் பில் பணம் மூன்று மாதம், நாலு மாதம் இழுக்கும். எனக்கும் முதல் இரண்டு வருடம் கேட்க வாயே வரவில்லை, பிச்சை கேட்கிற மாதிரி இருக்கும். உத்யம் பதிவை, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவை, முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில், குறு, சிறு தொழில்களுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் வருமான வரியிலும் இது வந்துவிட்டது. வேலை கொடுத்த கம்பெனி கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கும் வருடம் வரை அதை அவர்கள் செலவாகக் காட்ட முடியாது. அதனால் மார்ச் மாதம் அவர்கள் ஆடிட்டரே பாக்கிப் பட்டியலைக் கேட்கிறார். நான் நேரில் கேட்பதில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பில் எண், தேதி, எத்தனை நாள் ஆயிற்று, இவ்வளவுதான் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. கூச்சம் இருப்பவருக்கு இந்த வழி சரிப்படும்.

நீங்கள் வேலையை விடும் முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் லைனில் ஒரு ஜோடி ஷூ மேல்பாகத்துக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்று இரண்டு மூன்று மாதம் நோட்டில் எழுதிப் பாருங்கள். லைனில் ஏதாவது தப்பு நடந்தால், ஷிஃப்ட் முடியும் முன் நீங்களே போய் மேனேஜரிடம் சொல்லிப் பாருங்கள். சொன்னதற்கு அப்புறம் உங்களுக்கு எப்படி இருந்தது என்று இங்கே எழுதுங்கள், மெஷின் எங்கே வாங்கலாம் என்பதை அப்போது பேசலாம்.