100 எம்பிபிஎஸ் இருந்தும் டிவி ஏன் சுற்றுகிறது?

வாசகர் கேள்வி: எங்கள் வீட்டில் 100 எம்பிபிஎஸ் பிராட்பேண்ட் இருக்கிறது. பகலில் ஒரு தொல்லையும் இல்லை. இரவு எட்டு மணிக்கு மேல் ஹாலில் ஸ்மார்ட் டிவியில் தொடர் பார்க்க உட்கார்ந்தால் முதலில் படம் மங்குகிறது, பிறகு அப்படியே நின்று, நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. ரவுட்டர் படுக்கையறையில் இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்று போனில் சோதித்தால் 80க்கு மேல் காட்டுகிறது. இணைப்பு கொடுத்தவர்கள் 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறச் சொல்கிறார்கள். மாறினால் சரியாகிவிடுமா?

பதில்: இப்போதைக்கு மாறாதீர்கள். ரவுட்டர் பக்கத்தில் 80 வருகிறது, டிவியில் படம் நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வீட்டுக்குள் வந்து சேர்ந்த வேகம் டிவி வரைக்கும் போய்ச் சேரவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அது உண்மையாக இருந்தால் 200 எடுத்தாலும் படுக்கையறையில்தான் 200 இருக்கும்.

ஒரு படத்துக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்பதைப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் தன் பயனர்களுக்குச் சொல்லும் அளவு இது: 720பி தரத்துக்கு 3 எம்பிபிஎஸ், 1080பிக்கு 5, 4கேக்கு 15. வீட்டில் இரண்டு டிவியில் 4கே ஓடினாலும் 30தான் ஆகிறது. உங்கள் 100 இதற்குத் தாராளம். (எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற பிட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அதனால் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் கோப்பு இறக்கும்போது நொடிக்கு 12 மெகாபைட் அளவில் வந்தால் அது சரியான வேகம்தான். இதைக் குறைபாடு என்று நினைத்துப் புகார் செய்பவர்கள் நிறைய பேர்.)

படம் மங்கிய பிறகு நிற்கிறது என்று வரிசையாக எழுதியது நல்லதாகப் போயிற்று. அதில் ஒரு தடயம் இருக்கிறது. நிகழ்ச்சி ஒரே நீளமாக வருவதில்லை. சில நொடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொன்றும் பல தரங்களில் சர்வரில் தயாராக இருக்கும். டிவியில் உள்ள செயலி துண்டுகளை முன்கூட்டியே வாங்கிச் சேமித்துக்கொண்டு ஓட்டுகிறது. முந்தைய துண்டு எவ்வளவு சீக்கிரம் வந்தது என்று பார்த்து, அடுத்ததை எந்தத் தரத்தில் கேட்பது என்று முடிவு செய்கிறது. படம் மங்கினால், வேகம் குறைவதைச் செயலி கண்டுகொண்டு தரம் குறைந்த சின்னத் துண்டுகளைக் கேட்கிறது என்று அர்த்தம். சுற்றினால், கையிருப்பு தீர்ந்துவிட்டது. படம் பளிச்சென்று ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று நின்றிருந்தால் இணைப்பு அறுந்து அறுந்து வருகிறதோ என்று பார்க்கச் சொல்லியிருப்பேன். உங்கள் வீட்டில் வழி நெரிசலாகி, வேகம் மெல்ல இறங்குகிறது. நேரலை விளையாட்டு பார்க்கும்போது தொல்லை இன்னும் அதிகமாக இருந்திருக்கும். நேரலையில் முன்கூட்டி வாங்கிவைக்கப் பெரிதாக ஒன்றும் கிடையாது, கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

நெரிசல் எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். ஆனால் அதை டிவி சுற்றும் இரவு நேரத்திலேயே செய்ய வேண்டும். பகலில் எடுத்த எண்ணால் பயனில்லை. முதலில் டிவியிலேயே வேகத்தைப் பாருங்கள். டிவியில் பிரவுசர் இருந்தால் ஃபாஸ்ட் டாட் காம் தளத்தைத் திறக்கலாம். அது நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் தளம், அவர்களுடைய சர்வர்களிலிருந்தே அளந்து காட்டும். அடுத்து போனை டிவியை ஒட்டிப் பிடித்துக்கொண்டு அதே வைஃபையில் சோதியுங்கள். கடைசியாக ஒரு லேப்டாப்பை லேன் கேபிளில் நேராக ரவுட்டரில் சொருகிச் சோதியுங்கள். மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேபிளில் 90க்கு மேல் வந்து, டிவியருகே போனில் 6, 7 என்று வந்தால் குறை வைஃபையில். உங்கள் வீட்டில் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். 'வைஃபை என்றால் பகலிலும் தொல்லை கொடுக்க வேண்டுமே' என்று கேட்பீர்கள். வைஃபை காற்றில் போகிறது, அந்தக் காற்று பக்கத்து வீடுகளுக்கும் பொது. வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் போகும், ஒவ்வொன்றும் சானல் எனும் தடங்களாகப் பிரிந்திருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சானல்கள் மூன்றே மூன்றுதான்: 1, 6, 11. இரவில் அக்கம்பக்கத்து டிவிகளெல்லாம் ஓடும்போது ஒவ்வொரு ரவுட்டரும் தன் முறைக்குக் காத்திருக்கிறது. புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே அதே அலைவரிசைப் பக்கம்தான். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம், வேகமும் அதிகம், ஆனால் சுவர்களைத் தாண்டினால் சட்டென்று சுருங்கிவிடும். ரவுட்டர் பக்கத்தில் உங்கள் போன் 5ஐப் பிடித்து 80 காட்டியிருக்கும். இரண்டு சுவர் தள்ளி இருக்கும் டிவி 2.4இல் போய் விழுந்திருக்கும். டிவியின் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து எதில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். ரவுட்டரில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்துவிட்டால் குழப்பமே வராது.

இதற்கு என் முதல் மருந்து லேன் கேபிள். பார்க்க அழகாக இருக்காது, சுவரோரம் இழுக்க ஒரு மதியம் ஆகும், ஆனால் அதற்கு நிகராக வேறொன்றும் இல்லை. கேட் 5இ வகை போதும், 100 மீட்டர் வரை தாங்கும். இழுத்த பிறகு டிவியில் 94க்கு மேல் காட்டவில்லை என்று பதற வேண்டாம். பல டிவிகளில் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் வகைதான். 4கேக்கு வேண்டியது 15 என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேபிள் இழுக்க வழியே இல்லையென்றால் ரவுட்டரின் இடத்தை மாற்றுங்கள். அலமாரிக்குள், டிவிக்குப் பின்னால், மீன் தொட்டி அருகே, முகம் பார்க்கும் பெரிய கண்ணாடிக்குப் பின்னால் வேண்டாம். உலோகம் அலையைத் திருப்பி அனுப்பும், தண்ணீர் குடித்துவிடும். வீட்டின் நடுவாக, தோள் உயரத்துக்கு மேல் திறந்த இடத்தில் இருக்கட்டும். ஃபைபர் இணைப்பென்றால் அந்த மெல்லிய கம்பியை நீங்களே இழுத்து மடக்காதீர்கள், உள்ளே இருப்பது கண்ணாடி இழை. ஆளை வரவழைத்து மாற்றச் சொல்லுங்கள். வைஃபையை வீடு முழுக்கப் பரப்ப ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டிகளாக வரும் மெஷ் கருவி வாங்கினால் இரண்டாவது கருவியை டிவியை ஒட்டி வைக்காமல் ரவுட்டருக்கும் டிவிக்கும் நடுவில் வையுங்கள். வலுவில்லாத சிக்னலை வாங்கினால் அது வலுவில்லாததைத்தான் தரும். சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் மலிவான ரிப்பீட்டரை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரே அலைவரிசையில் வாங்கவும் கொடுக்கவும் செய்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

சரி, இரவு மட்டும் வரும் தொல்லைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இது என் வீட்டிலேயே நடந்தது. தினமும் ஒன்பதரை மணி வாக்கில் டிவி சுற்றும். ரவுட்டரை நகர்த்திப் பார்த்தேன், சானலை மாற்றினேன், பலன் இல்லை. ஒரு நாள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பிரவுசரில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து எந்தக் கருவி எவ்வளவு எடுக்கிறது என்று பார்த்தேன். என் போன் முதலிடத்தில் நின்றது. டவுன்லோடில் இல்லை, அப்லோடில். சாப்பிட்டு முடித்து சார்ஜரில் சொருகியதும், அன்று எடுத்த வீடியோக்களையெல்லாம் அது கிளவுடுக்கு அனுப்பத் தொடங்கியிருக்கிறது.

படம் பார்ப்பது இறக்கம்தானே, ஏற்றத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். ஒவ்வொரு துண்டையும் டிவி கேட்டு வாங்க வேண்டும், வந்து சேர்ந்ததற்குப் பதிலும் அனுப்ப வேண்டும். பல இணைப்புகளில் அப்லோடு வேகம் டவுன்லோடைவிட மிகக் குறைவு. அந்த ஒடுக்கமான வழியை வீடியோ அடைத்துக்கொண்டால் டிவியின் சின்னச் சின்னக் கோரிக்கைகள் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். இறக்கமும் தானாகவே மந்தமாகும். பேக்கப்பை நள்ளிரவுக்கு மேல் தள்ளிவைத்தேன், அன்றோடு தீர்ந்தது. சில ரவுட்டர்களில் கியூஓஎஸ் என்ற வசதி இருக்கும், அதில் டிவிக்கு முன்னுரிமை கொடுக்கலாம். உங்கள் வீட்டிலும் அந்த நேரத்தில் யார் போன், யார் லேப்டாப் எதை ஏற்றுகிறது என்று ஒருமுறை பாருங்கள். கண்காணிப்பு கேமரா இருந்தால் அதையும் பாருங்கள்.

டிவியருகே போனில் நல்ல வேகம் வந்து டிவியில் மட்டும் சுற்றினால் குறை டிவியில். ரிமோட்டில் அணைத்தால் அது தூங்கத்தான் செய்கிறது. பிளக்கை ஒரு நிமிடம் பிடுங்கிப் போடுங்கள், செயலியைப் புதுப்பியுங்கள், வேண்டாத செயலிகளை நீக்குங்கள். பழைய டிவியென்றால் எச்டிஎம்ஐ போர்ட்டில் சொருகும் ஸ்டிரீமிங் ஸ்டிக் ஒன்று போட்டால் போதும், டிவியையே மாற்ற வேண்டியதில்லை. தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித்தரும் டிஎன்எஸ் சேவையை மாற்றினால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் நேரத்தை வீணாக்காதீர்கள். பெரும்பாலும் முகவரி தேடும் நேரம்தான் சற்றுக் குறையும், ஓடும் படம் வேகம் பிடிக்காது.

இதெல்லாம் சரியாகும்வரை தரத்தை 1080பிக்கு இறக்கி வையுங்கள். நடுத்தர அளவு டிவியைச் சோபாவில் உட்கார்ந்து பார்க்கும்போது 4கேக்கும் அதற்கும் வித்தியாசம் தெரிவது கடினம்.  

கேபிளிலேயே இரவில் 10, 15 என்று இறங்கி பகலில் 95க்கு ஏறினால், அப்போது மட்டும்தான் இது நிறுவனத்தின் பொறுப்பு. உங்கள் பகுதிக்கு வரும் பொது வழியில் நெரிசல். பகலிலும் ஏறாமல் குறைவாகவே நின்றால், மாத டேட்டா அளவு தாண்டி வேகத்தைக் குறைத்திருக்கலாம். டேட்டா கணக்கை முதலில் பார்த்துவிடுங்கள். பிறகு ஐந்து நாள் ஒரே நேரத்தில் கேபிளில் சோதித்து, தேதியும் மணியும் தெரியும்படி படம் எடுத்து எழுத்தில் புகார் கொடுங்கள். வைஃபை எண்ணைக் கொடுத்தால் 'உங்கள் வைஃபைதான் குறை' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கேபிள் எண்ணுக்கு அந்தப் பதில் செல்லாது. அந்த நெரிசல் இருக்கும்போது 200 எடுத்தாலும் அதே வழியில்தான் வர வேண்டும், அதனால் அதைச் சரிசெய்த பிறகுதான் திட்டத்தைப் பற்றிப் பேசுவோம் என்று சொல்லிவிடுங்கள்.

மூன்று எண்களையும் இன்று இரவே எடுங்கள். டிவி எந்த அலைவரிசையில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதி அனுப்பினால் மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.